அம்புக்குறி மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். பழைய ராணுவப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் கையில் ஒரு பையையோ பெல்ட்டையோ கொண்டுவந்து, "சார், இது ஒரிஜினலா?" என்று கேட்பார்கள். "எந்த வருஷத்து ஒரிஜினல்னு சொல்லி வித்தாங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தச் சந்தையில் முழுப் போலியைவிட, வயதைக் கூட்டிச் சொல்லி விற்கிற நிஜப் பொருள்தான் ஆளை ஏமாற்றுகிறது.

1937 மாதிரி வெப்பிங்கை, அதாவது சிப்பாய்கள் மாட்டும் நாடாப் பட்டை, பைகளின் தொகுதியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் இடுப்பிலும் தோளிலும் மாட்டியது இதுதான். பர்மாவுக்குப் போன நம்ம மெட்ராஸ் சாப்பர்களும் (ராணுவப் பொறியாளர் படையினர்) இதைச் சுமந்தார்கள். தடித்த பருத்தி நாடாவில் பெல்ட், தோள்வார், தோட்டாப் பைகள். பித்தளையில் பக்கிளும் கொக்கியும். போர் முடிந்து, நாடு பிரிந்த பிறகும் இந்திய, பாகிஸ்தான் ராணுவங்கள் இதே மாதிரியைப் பல ஆண்டுகள் விடவில்லை. ஆகவே 1950களில் நெய்த பெல்ட்டும் அசல் ராணுவ பெல்ட்தான். பர்மாவைப் பார்த்த பெல்ட் அல்ல, அவ்வளவே.

உள்பக்கத்தில் முத்திரை இருக்கும்: தயாரித்தவரின் எழுத்துகள், ஆண்டு, அரசுச் சொத்து என்பதற்கான அகன்ற அம்புக்குறி. ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. 'யு'வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. இரண்டு 'டி'க்கு நடுவே நின்றால் ஆஸ்திரேலியா. இதைப் படித்துவிட்டுப் பலர் அம்பைக் கண்டதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு ஆகும் சொல்லுங்கள்!

முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது எதன் மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வெப்பிங்குக்கு பிளாங்கோ என்ற நிறக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். தொழிற்சாலையில் முதலில் விழுந்தது மை, பிறகு பிளாங்கோ, அதன் மேல் அழுக்கு, கடைசியாகத் தேய்மானம். ஒரு பூதக்கண்ணாடி போதும். தேய்ந்து பிசிறு எழுந்த இடத்தில் மையும் சேர்ந்து அறுந்திருக்க வேண்டும். பிசிறின் நுனியில்கூட மை கறுப்பாக ஒட்டியிருந்தால், நாடா தேய்ந்த பிறகு யாரோ முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் தரப் பரிசோதனையில் இருந்தவன். வேறு ரக நூல் கலந்துவிட்டதா என்று பார்க்க, நூல் சுற்றிய கோன்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைப்போம். அதே விளக்கு இங்கேயும் உதவும். துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்ப்பு ரசாயனங்கள் நூலிலும் சலவைத்தூளிலும் பரவியது போருக்குப் பிறகுதான். 1943 முத்திரையுள்ள பையில் தையல் மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்து, நாடா இருண்டு கிடந்தால், அந்த நூல் பிற்காலத்தது. உடனே பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பின்னாளில் யாராவது பழுது பார்த்துத் தைத்திருக்கலாம். துணி முழுக்கத் திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால், யார் வீட்டிலோ சோப்புத்தூளில் ஊறியிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால், தொங்கும் நூலில் ஒரு துளி கிள்ளி எரித்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். பாலியெஸ்டர் இழை பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல். கடைத்தெருவுக்கு வந்தது போருக்குப் பிறகு.

பழசாக்கும் வித்தையும் உண்டு. தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால் நாடா பழுப்பாகும். ஆனால் மடிப்புக்குள்ளும் மூடிக்கு அடியிலும் அதே பழுப்பு ஏறிவிடும். வெயிலில் வெளுத்த பையில், மூடி மறைத்த இடம் பழைய நிறத்தோடு இருக்கும். பித்தளையில் களிம்பு எங்கே பச்சையாகப் படிந்திருக்கிறதோ, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாடாவிலும் கறை இறங்கியிருக்க வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. போர்க்காலத்தில் இந்தியாவில் தயாரான வெப்பிங், இங்கிலாந்தில் நெய்ததைவிட முரடாக, நெசவு தளர்வாக இருக்கும். அவசரம், தட்டுப்பாடு. அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் "காப்பி" என்று ஒதுக்குகிறார்கள். நம்மவர்களும் ஆமாம் போடுகிறார்கள். நேர்த்தி குறைவு என்பதால் ஒரு பொருள் போலியாகிவிடுமா? என்னைக் கேட்டால், நம் ஊர் சிப்பாயின் கதையைச் சொல்லும் பொருள் அதுதான்.

காட்டுப் போருக்கென்று எடை குறைத்து, கரும்பச்சையில் செய்த 1944 மாதிரி வெப்பிங்கை "பர்மாவில் கிடைத்தது" என்று சொன்னால் தயங்குங்கள். அது பரவலாகப் படைகளுக்குப் போனபோது போரே முடிந்திருந்தது. அது உழைத்தது 1948க்குப் பிந்திய மலாயா (இன்றைய மலேசியப் பகுதி) கொரில்லாப் போரில். '1942' என்று சொல்லி விற்கும் பையில் நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணியின் 13 இலக்கச் சரக்கு எண் இருந்தால் பேரம்கூட வேண்டாம். நேட்டோ பிறந்ததே 1949இல்.

கடைசியாகத் திசைகாட்டி. லண்டன் பெயர் பொறித்து, தங்கமாய் மின்னும் பித்தளைத் திசைகாட்டிகளில் பல, நம் மொராதாபாத், ரூர்க்கி பக்கம் அலங்காரத்துக்குச் செய்தவை. செய்பவர்மேல் தவறில்லை, பழசு என்று விற்பவர்மேல்தான். 1940களின் அசல் பிரிட்டிஷ் ராணுவத் திசைகாட்டியில், இருட்டில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ஒளிரும் பொருள் சிதைந்துபோனதால் இன்று அது மினுங்காது. ரேடியம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அதனால் இந்த ஒன்றை மட்டும் சோதிக்கிறேன் என்று திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

நன்றி, வணக்கம்.