பளிங்கின் மேல் நின்ற முட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

முட்டை ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? எந்த முனையில் வைத்தாலும் கையை எடுத்ததும் சாய்ந்துவிடும். இத்தாலியர்களின் சமயோசிதத்தைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு அந்த முட்டையிலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. அவர்களுடைய சாதுரியம் வாயில் இருப்பதைவிடக் கையில் அதிகம். பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் காட்டிப் புரியவைத்துவிடுவார்கள்.

ஃபுளோரன்ஸ் நகரம், 1418ஆம் ஆண்டு. பேராலயத்தின் சுவர்கள் எழுந்து பல காலமாகியும் நடுவில் கூரை இல்லை. எட்டு மூலைகள் கொண்ட திறப்பு, நாற்பது மீட்டருக்கும் மேல் அகலம், தரையிலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரம். அதற்குக் கவிகைமாடம், அதாவது குவிந்த வளைகூரை, கட்ட வழி சொல்பவருக்கு 200 ஃபுளோரின் பொற்காசு பரிசு என்று அறிவித்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், வீடு கட்டும் இடத்தில் சென்ட்ரிங் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கம்பு நட்டு, மேலே பலகை அடித்து, காரை இறுகும்வரை அது தாங்கும். இவ்வளவு அகலத்துக்கும் உயரத்துக்கும் சென்ட்ரிங் போட மரத்துக்கு எங்கே போவது? போட்டாலும் அந்த மரம் தன் எடையையே தாங்காது. அப்போதுதான் பொற்கொல்லராகத் தொழில் பழகிய ஃபிலிப்போ புரூனெல்லெஸ்கி வந்து, சென்ட்ரிங் இல்லாமலே கட்டலாம் என்றார். எப்படி என்று கேட்டார்கள். மாதிரியைக் காட்டு என்றார்கள். அவர் காட்டவில்லை.

அந்த இடத்தில்தான் முட்டை வருகிறது. அவர் இறந்து நூறாண்டு கழித்து அவர் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லும் கதை இது. பளிங்குக் கல்லின் மேல் இந்த முட்டையை யார் நிறுத்துகிறாரோ அவரே மாடத்தைக் கட்டட்டும் என்றாராம் புரூனெல்லெஸ்கி. கூடியிருந்த மேஸ்திரிகள் எல்லோரும் முயன்றார்கள், ஒருவருக்கும் நிற்கவில்லை. இவர் வாங்கி, அடிப்பக்கத்தை லேசாகக் கல்லில் தட்டி நசுக்கி, நிறுத்திவிட்டார். "இப்படியென்றால் நாங்களும் செய்திருப்போமே" என்று கூச்சல் எழுந்தது. "மாதிரியைப் பார்த்திருந்தால் மாடத்தையும் கட்டியிருப்பீர்கள்" என்றார் அவர். இதே முட்டையைக் கொலம்பஸின் பெயரிலும் சொல்வார்கள். அவரும் ஜெனோவாக்காரர், இத்தாலியர்தான். ஆனால் இந்தக் கதை கொத்தனார்களுக்கு நடுவில்தான் அழகாகப் பொருந்துகிறது.

கதையோடு விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். மாடத்தை எப்படிக் கட்டினார் என்றும் சொல்லவேண்டும். செங்கல் வரிசை மேலே போகப்போக உள்பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ஈரக்காரை இறுகுவதற்குள் கல் வழுக்கி விழும். அதனால் படுக்கைவசமாக வைக்கும் கற்களுக்கு இடையிடையே ஒரு கல்லைச் செங்குத்தாக நட்டார். அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இரு பக்கமும் முட்டுக்கொடுப்பது போல, நிற்கும் கற்கள் படுத்த கற்களைப் பிடித்துக்கொண்டன. பார்ப்பதற்கு மீன்முள் போல இருக்கும். ஒரு சுற்று முடிந்து காரை இறுகினால் அந்த வளையம் தன்னைத் தானே தாங்கும். பிறகு அடுத்த சுற்று. இன்னொன்று, மாடம் தன் எடையால் அடியில் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவது போல, மணற்கல் துண்டுகளை இரும்பால் பிணைத்து வளையங்களாகச் சுவருக்குள்ளேயே வைத்தார். கஷ்கொட்டை மரத்தில் ஒரு வளையமும் உண்டு. மேலே பொருள் தூக்க மாடு இழுக்கும் ஏற்ற எந்திரம் ஒன்று செய்தார். மாடு ஒரே திசையில் சுற்றினால் போதும், பல்சக்கரத்தை மாற்றினால் பாரம் ஏறும் அல்லது இறங்கும். ஒவ்வொரு தடவையும் மாட்டை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டுகிற வேலை மிச்சம்.

1420இல் தொடங்கி 1436இல் மாடம் மூடியது. இடையில் ஒரு தொல்லை. சிற்பி லொரென்சோ கிபெர்ட்டியையும் புரூனெல்லெஸ்கிக்குச் சமமாக நியமித்திருந்தார்கள், சம்பளமும் சமம். 1401இல் வெண்கலக் கதவு செய்யும் போட்டியில் மோதியதிலிருந்தே இருவருக்கும் பகை. ஒருநாள் புரூனெல்லெஸ்கி விலாவில் வலி என்று படுத்துவிட்டார். வேலையாட்கள் கிபெர்ட்டியிடம் போனால் அவருக்கு அடுத்தது என்ன என்று தெரியவில்லை. படுக்கையருகே வந்து கேட்டார்கள். "அங்கே லொரென்சோ இருக்கிறாரே?" "நீங்கள் இல்லாமல் அவர் எதுவும் செய்யமாட்டேன் என்கிறார்." "அவர் இல்லாமல் நான் நன்றாகவே செய்வேன்." எழுந்து வந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்: சம்பளத்தைப் பங்கு போட்டீர்கள், வேலையையும் பங்கு போடுங்கள் என்று. அது கிபெர்ட்டிக்கு ஆகவில்லை. இதையும் வசாரிதான் எழுதி வைத்திருக்கிறார். எரிச்சலைக்கூட இப்படி ஒரு சோதனையாக மாற்றத் தெரிந்த மனிதர்!

முட்டையிலேயே பாதி நேரம் போய்விட்டது. கலிலியோவுக்கு வருகிறேன். 1564இல் பைசாவில் பிறந்தவர். மேலிருந்து விழும் பொருள் எப்படி வேகமெடுக்கிறது என்று அளக்க ஆசைப்பட்டார். நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் அன்று கிடையாது, பொருளோ கண்ணிமைக்கும் நேரத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் விழுதலை மெதுவாக்கு என்று முடிவு செய்தார். சுமார் ஏழு மீட்டர் நீளப் பலகையில் ஒரு பள்ளம் வெட்டி, இழைத்து, உள்ளே வழவழப்பான தோல்தாள் ஒட்டி, பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்துக்குத் தண்ணீர். பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய். குண்டு உருளத் தொடங்கும்போது திறப்பு, நின்றதும் அடைப்பு. விழுந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தால் அதுதான் நேரம். பாத்திரம் பெரிதாக இருப்பது முக்கியம். சின்னதாக இருந்தால் மட்டம் சட்டென்று இறங்கி ஒழுக்கு தளர்ந்துபோகும், கணக்குத் தப்பும். நூறு தடவைக்குக் குறையாமல் உருட்டினாராம். கிடைத்த விடை இதுதான்: நேரத்தைச் சம துண்டுகளாகப் பிரித்தால், முதல் துண்டில் ஒரு பங்கு தூரம், அடுத்ததில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு. கூட்டிக்கொண்டே வாருங்கள்: ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு. படமே வேண்டாம், விரல் போதும்.

அடுத்தவர் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி, ரோமில் 1901இல் பிறந்தவர். 1938இல் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனவர், யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களால் யூதரான மனைவிக்கு ஆபத்து என்று இத்தாலிக்குத் திரும்பாமல் அமெரிக்கா போய்விட்டார். 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை. ஃபெர்மி சுமார் பதினாறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார், கையில் கிழித்த காகிதத் துண்டுகள். வெடித்து ஏறத்தாழ நாற்பது நொடி கழித்துத்தான் காற்றலை வந்து சேர்ந்தது. வருவதற்கு முன்னும், வரும்போதும், போன பின்னும் ஆறடி உயரத்திலிருந்து துண்டுகளைப் போட்டார். அலை கடந்தபோது அவை இரண்டரை மீட்டர் தள்ளி விழுந்தன. அந்த நேரம் காற்று அடிக்கவில்லை. அடித்திருந்தால் எது அலையால் நகர்ந்தது, எது காற்றால் நகர்ந்தது என்று பிரித்திருக்க முடியாது. அதை வைத்துக் குண்டின் வலிமை பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார். உண்மை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு பிடி காகிதத்துக்கு அது வெகு அருகில்தான். மூன்று வாரத்தில் ஓர் அணுகுண்டு ஹிரோஷிமாவில் விழுந்தது என்பதையும் சேர்த்தேதான் அந்தக் காகிதத்தை நான் நினைத்துக்கொள்கிறேன்.

அதே இனச் சட்டங்கள் நரம்பு ஆய்வாளர் ரீட்டா லேவி-மொந்தால்சினியைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசியைச் சாணைபிடித்து நுண்கத்தி, கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் இடுக்கி. குஞ்சுக் கரு வளரும் முட்டைதான் ஆய்வுப்பொருள். பார்த்தீர்களா, மறுபடி முட்டை! மூன்று நாள் கருவில் கால் முளைக்கும் மொட்டை நீக்கினால், அந்தக் காலுக்குப் போகவேண்டிய நரம்பணுக்கள் என்ன ஆகின்றன என்று எண்ணினார். போர்க்காலத்தில் கிராமத்துப் பண்ணைகளில் முட்டை கேட்டுப் போகும்போது, பிள்ளைகளுக்குச் சத்து என்று சொல்லி வாங்கிவருவார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. 1986இல் நோபல் பரிசு, 103 வயது வரை வாழ்வு. அவரைப் பற்றி மட்டுமே ஒரு முழு உரை வேண்டும்.

நிமிடம் குறைந்துவிட்டதால் சமையல்காரர்களுக்குச் சில வரிகள்தான். பொலோஞ்ஞா நகரில் ஒரு பழமொழி உண்டு: கணக்குச் சீட்டு குட்டையாக இருக்கட்டும், தல்யாதெல்லே என்ற மாவு நாடா நீளமாக இருக்கட்டும். கணக்கு நீண்டால் வீட்டுக்காரர் மிரள்வார், மாவு நாடா குட்டையானால் செய்தவருக்குக் கை வரவில்லை என்று பொருள். அந்த நாடாவுக்கு 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. பத்து நிமிடம் பிசைந்து, துணி மூடி அரைமணி நேரம் விடவேண்டும். மூடாமல் விட்டால் மேலே காய்ந்து, தேய்க்கும்போது விரிசல் விடும்.

வணக்கம்.