வேலி தாண்டும் நட்சத்திரங்கள்

(யாழ்ப்பாணத்தில் சித்திரை மாத மாலையொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வேலிச் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் அதைவிடச் சுலபமாக விளங்கும் விஷயம் வேறில்லை.

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வளவு உண்டு. அதற்குள் இருக்கும் வாயு அதன் ஈர்ப்புக்குச் சொந்தம். வயதாகி வீங்கி எல்லையைத் தாண்டினால், தாண்டிய வாயு பக்கத்து வளவுக்குப் போய்விடும். வழக்குப் போடவும் முடியாது.

நான் படித்த காலத்தில் நிறைதான் நட்சத்திரத்தின் சாதகம். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் இருந்தால் வெடிக்கும், குறைந்தால் அடங்கிவிடும். துணையைப் பற்றிப் பேச்சே இல்லை. 2012இல் வெளிவந்த ஆய்வு அதைப் புரட்டியது. மிகக் கனமான ‘ஓ’ வகை நட்சத்திரங்களில் நூற்றுக்கு 70க்கு மேல் துணையோடு கொடுக்கல் வாங்கல் செய்தே தீரும். கால்வாசி அளவு துணையோடு கலந்து ஒன்றாகிவிடும்.

வாயுவைக் கொடுத்த நட்சத்திரம் தன் ஐதரசன் போர்வையை இழக்கிறது. 1993இல் எம்81 என்ற நட்சத்திர மண்டலத்தில் வெடித்த நட்சத்திரத்தில் அந்தப் போர்வை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. சரி, மீதியை எடுத்தது யார்? 2004இல் ஹபிள் தொலைநோக்கியின் உதவியோடு ஆளைப் பிடித்தார்கள். அருகிலேயே நின்றது துணை.

விழுங்கின கதை இன்னும் சுவையானது. 1987 பெப்ரவரியில் பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்து நட்சத்திர மண்டலத்தில் ஒன்று வெடித்தது. சிவப்பு ராட்சதன்தான் வெடிக்கும் என்றிருந்தவர்களுக்கு அதிர்ச்சி, ஏனென்றால் வெடித்தது நீல நட்சத்திரம். முன்பே துணையை விழுங்கி நீலமாகியிருக்கும் என்பதே பலர் ஏற்கும் விளக்கம். அதைச் சுற்றியுள்ள மூன்று வளையங்களும் விழுங்கிய அந்த நேரத்தில் சிதறியவையாம். எங்கள் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்க வேண்டியது அது. யார் பார்த்தது? அந்த வருடம் நாங்கள் அண்ணாந்தது பொம்மர் வருகிறதா என்று பார்க்கத்தான்.

இன்று பார்க்கலாம். எட்டு மணிக்குப் பிறகு கிழக்கே நீலவெள்ளையாகச் சித்திரை நட்சத்திரம் நிற்கும். இந்த மாதத்துக்குப் பெயர் கொடுத்தது அதுதான். கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. நாலு நாளில் ஒரு சுற்று. இடைவெளி, சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெரியது சூரியனைப்போல் பத்து மடங்குக்கு மேல். அது வீங்கத் தொடங்கினால் எந்தக் கதியாலும் தாங்காது. வெளியே வாருங்கள், காட்டுகிறேன். கரண்ட் போனால் இன்னும் நல்லது.