மணி அடித்தால் எடுப்பது யார்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறிய அலுவலகங்களுக்குத் தொலைபேசி பொருத்திக் கொடுப்பது என் தொழில். தமிழ்ப்பள்ளி, கோயில், கிளினிக், லாரிப் பட்டறை, செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் என்று எல்லா இடங்களுக்கும் போகிறேன். அலுவலகங்களில் வைக்கும் கம்பியில்லாத் தொலைபேசியைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். கடையிலிருந்து பெட்டியோடு வாங்கி வருகிறோம், மின்சாரத்தில் செருகுகிறோம், ஒருமுறை மணி அடிக்கிறதா என்று பார்க்கிறோம், அத்தோடு விட்டுவிடுகிறோம். அதைச் சரியாக அமைப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலை யாரும் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

05 என்று தொடங்கும் அலுவலக எண்ணுக்கு யார் அழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புலனம், அதாவது வாட்ஸ்அப், வைத்திருப்பவர் செய்தி அனுப்பிவிடுவார். அந்தப் பழைய எண்ணைத் தேடி எடுத்து அழைப்பவர்கள் வேறு ஆள்கள். பேரனுக்குக் காய்ச்சல், இன்று பள்ளிக்கு வரமாட்டான் என்று சொல்ல நினைக்கும் பாட்டி. திருவிழா உபயத்துக்குப் பெயர் கொடுத்தோமே, எழுதிக்கொண்டார்களா என்று கேட்க விரும்பும் பெரியவர். சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு தொகை விடுபட்டிருக்கிறது, அதைக் கிராணியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி எண்களை அழுத்தும் தொழிலாளி. மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால் இவர்கள் மறுபடி அழைக்க மாட்டார்கள். ‘வேலையாக இருப்பார்கள்’ என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நமக்கோ ஒருவர் அழைத்ததே தெரியாமல் போய்விடும்.

முன்பெல்லாம் தோட்டத்தில் தொலைபேசி என்றால் பெரும்பாலும் துரை பங்களாவிலும் ஆபீசிலும்தான். லயத்தில் இருப்பவருக்கு அழைப்பு வந்தால் ஓர் ஆள் ஓடிப்போய்க் கூட்டி வர வேண்டும். இன்று கருவியையே கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோர் வரைக்கும், சிற்றுண்டிச்சாலை வரைக்கும் போகலாம். ஆனால் எத்தனையோ அலுவலகங்களில் அது கிராணியின் மேசையை விட்டு நகர்வதே இல்லை.

முதலில் வாங்குவதைப் பற்றி. இப்போது விற்கும் கம்பியில்லாத் தொலைபேசிகளில் பெரும்பாலானவை ‘டெக்ட்’ என்ற தரத்தில் இயங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுத்த தரம் அது. நம் நாட்டில் அதற்கு உரிய அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் ‘டெக்ட் 6.0’ என்று எழுதி விற்பது வேறு. அது 1920 முதல் 1930 வரையில் ஓடும். பெயரைப் பார்த்தால் ஏதோ புதிய, மேலான ரகம் என்று தோன்றும். உண்மையில் அந்த அலைவரிசை நம் நாட்டில் கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. நம் கைத்தொலைபேசிகள் கோபுரத்துக்கு அனுப்பும் மெல்லிய அலைகள் அங்கேயும் போகின்றன. அதன் நடுவே இந்தக் கருவி கத்தினால் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் தொல்லை. அதனால்தான் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதை இங்கே பயன்படுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கி வந்த பரிசாக இருந்தாலும் செருகாதீர்கள். கடையில் வாங்கும்போது ஆணையத்தின் அல்லது தர ஆய்வு நிறுவனமான சிரிமின் சான்று முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, எங்கே வைப்பது. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் குறை கேட்டு நான் போகும் இடங்களில் பெரும்பாலும் கோளாறு கருவியில் இருப்பதில்லை, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது. தொலைபேசிக் கம்பி வந்து சேரும் பெட்டியை ‘பேஸ்’ என்பார்கள். கையில் எடுத்துப் பேசும் கருவி அதோடுதான் வானலையில் பேசுகிறது. கட்டடத்துக்குள் ஏறக்குறைய 50 மீட்டர், திறந்த வெளியில் ஏறக்குறைய 300 மீட்டர் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அது இடையூறே இல்லாத இடத்துக்கான கணக்கு. நம் ஆபீசில் என்ன இருக்கிறது? பழைய கோப்புகள் அடைத்த இரும்பு அலமாரி, இரும்புக் கம்பிச் சன்னல், பக்கத்து ஸ்டோருக்குத் தகரச் சுவர். இரும்பும் தகரமும் வானலையைத் திருப்பி அடித்துவிடும். தண்ணீர்த் தொட்டியும் மீன் தொட்டியும் அதை உறிஞ்சிவிடும். பேஸை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ‘சிற்றுண்டிச்சாலைக்குப் போனால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது’ என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும்?

பேஸைக் கட்டடத்தின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த பலகைத் தட்டில் வையுங்கள். வைஃபை மோடத்தோடு ஒட்டி வைக்காமல் ஓரிரு முழம் தள்ளி வைப்பது நல்லது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசை என்றாலும், மின்கருவிகளை நெருக்கி அடுக்கினால் இரைச்சல் வரலாம். பிறகு ஒருவர் உள்ளே இருந்து பேச, இன்னொருவர் கைக்கருவியோடு நடந்து போக வேண்டும். பள்ளி என்றால் கடைசி வகுப்பறை வரை, தோட்ட ஆபீஸ் என்றால் எடை போடும் இடம் வரை. குரல் எங்கே உடைகிறதோ, எங்கே எச்சரிக்கை ஒலி வருகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸை இரண்டடி நகர்த்தி மறுபடி நடந்து பாருங்கள். அப்படியும் எட்டாத மூலை இருந்தால், வானலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், அந்தக் கருவிக்கு ஏற்றதாக ஒன்றை நடுவழியில் வைக்கலாம்.

கம்பியை எதில் செருகுவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர் இணையம் வந்த பிறகு பல அலுவலகங்களில் சுவரில் இருக்கும் பழைய தொலைபேசித் துளை உயிரற்றுக் கிடக்கிறது. தொலைபேசிச் சேவை இப்போது மோடம் வழியாக வருகிறது; அதன் பின்புறம் தொலைபேசிப் படமோ எழுத்தோ போட்ட துளையில்தான் செருக வேண்டும். பக்கத்தில் இணையக் கம்பிக்கான பெரிய துளைகளும் இருக்கும். தொலைபேசியின் சிறிய முனை அவற்றிலும் நுழைந்துவிடும், ஆனால் ஒலி வராது. டயல் ஒலி இல்லை என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பேட்டரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அதில் ஒன்று ஆபத்தானது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் பேட்டரி. அது பழுதானால் அதே வகையைத்தான் போட வேண்டும். மளிகைக் கடையில் விற்கும் சாதாரண பேட்டரியைப் போட்டு மின்னேற்றினால் அது கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். முதல்முறை கையேட்டில் சொன்ன நேரம் முழுதும் ஏற்றுங்கள். சிலவற்றுக்கு 7 மணி நேரம், சிலவற்றுக்கு 16 மணி நேரம். ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பேச்சு நடுவில் அறுந்தால் கருவியைத் தூக்கி எறியாதீர்கள். பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் மின்னேற்றும் தகடுகள் கறுத்துப்போகும், உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும்.

ஒரே பேஸில் பொதுவாக ஆறு கைக்கருவிகள் வரை சேர்க்கலாம். பெட்டியோடு வந்தவை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தனியாக வாங்கியதை நாம்தான் பதிய வேண்டும். பேஸில் உள்ள பொத்தானை விளக்கு மின்னும் வரை அழுத்திப் பிடித்து, கைக்கருவியின் மெனுவில் பதிவு என்ற இடத்துக்குப் போக வேண்டும். இரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 0000. அதை உடனே மாற்றிவிடுங்கள். பேஸ் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அதனால் இரண்டையும் கையருகே வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கிடைக்கும். ‘1 அலுவலகம், 2 தலைமையாசிரியர், 3 சிற்றுண்டிச்சாலை’ என்று தமிழில் எழுதி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுங்கள். நான் பொருத்திய கருவிகளின் மெனுவில் தமிழ் இருந்ததில்லை. ஒட்டிய தாள்தான் வயதான பணியாளருக்குத் துணை.

அழைப்பை மாற்றிக் கொடுப்பதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு, ‘சார், யாரோ ஓர் அம்மா!’ என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூவுகிறார்கள். பொத்தினாலும் அந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்கும். ‘இல்லை என்று சொல்’ என்ற பதிலும் கேட்கும். அது எவ்வளவு மனம் நோகச் செய்யும்! உள் அழைப்புக்கான பொத்தானை அழுத்தினால் அழைத்தவர் தானாகக் காத்திருப்பில் போய்விடுவார். அடுத்தவருடைய எண்ணை அழுத்தி, இன்னார் பேசுகிறார், இந்த விஷயம் என்று சொல்லிவிட்டு, நம் கருவியை வைத்துவிட்டால் இருவரும் இணைந்துவிடுவார்கள். அலுவலகத்துக்கென்றே உள் எண்களை இணைக்கும் சிறிய இணைப்பகம் இருந்தால் ‘ஆர்’ என்ற பொத்தான், பிறகு உள் எண். வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மணியே அடிக்கவில்லை என்றும் பலர் அழைப்பார்கள். சில ரகங்களில் நட்சத்திரப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே மணி நின்றுவிடும். மேசையில் ஏதாவது பட்டு அப்படி ஆகியிருக்கும். திரையில் மணிப் படத்தின் மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலத்துக்கு வருவோம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இடி நமக்குப் புதிதல்ல, பிற்பகல் ஆனால் வானம் கறுக்கும். இடி நேரத்தில் கம்பியுள்ள தொலைபேசியில் பேசுவதைவிடக் கம்பியில்லாததில் பேசுவது பேசுபவருக்குப் பாதுகாப்பு. ஆனால் பேஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்னல் மின்கம்பி வழியாகவும் வரும், செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும். மின்சாரத்தை மட்டும் பிடுங்கிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் கழற்ற வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் மோடத்துக்கு மின்கம்பி வருகிறதே.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? செம்புக் கம்பி இருந்த காலத்தில் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்திலிருந்தே சுமார் 48 வோல்ட் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது, அதனால் ஊரே இருண்டாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. கம்பியில்லாத் தொலைபேசியின் பேஸ் சுவர் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. ஃபைபரில் மோடமும் அப்படித்தான். ஆகவே ஃபைபர் அலுவலகத்தில் பழைய கம்பித் தொலைபேசியை மாற்றாக வைத்திருப்பதால் மட்டும் பயனில்லை. மோடம், பேஸ் இரண்டுக்கும் சேர்த்து, மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இரண்டும் குறைந்த மின்சாரம் எடுப்பவை, பெரிய யூபிஎஸ் தேவைப்படாது. குறிப்பாகக் கிளினிக், ஆயாக் கொட்டகை, ஆலை உள்ள இடங்களில் இதை ஒரு செலவாகவே பார்க்கக்கூடாது.

கடைசியாக 999. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்தான் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆனால் இணைப்பகம் உள்ள அலுவலகங்களில் வெளியே அழைக்க முதலில் 9 அழுத்துவது வழக்கம். அப்படியானால் 9 அழுத்தி, வெளி ஒலி வந்த பிறகு 999. பதற்றத்தில் மூன்று முறை மட்டும் அழுத்திவிட்டு, ஏன் போகவில்லை என்று தவிக்கும் நிலை வரக்கூடாது. இணைப்பகத்தைப் பொருத்தியவரிடம் 999ஐ நேரடியாகவே போகும்படி அமைக்க முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். முடியாது என்றால் முழு எண் வரிசையையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கைக்கருவியின் முதுகிலும் ஒட்டுங்கள். அதற்குக் கீழே எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பதையும் மலாயில் எழுதுங்கள். மறுமுனையில் கேட்பவருக்கு நம் லயமும் தெரியாது, செம்மண் சாலையும் தெரியாது. கைக்கருவியோடு வெளியே ஓடி வந்து நிற்பவர் இரவுக் காவலராக இருக்கலாம், ஆயாவாக இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். கையில் இருப்பதைப் பார்த்து அப்படியே படித்தால் வண்டி சரியான முனையில் திரும்பும்.

நன்றி, வணக்கம்.