டொவினியாவின் மக்கள்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்றொரு மாவட்டம். அங்கே அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பங்களில் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குடியினர் கோர்க்கு துவ்னே. பேரரசு எதையும் ஆண்டவர்கள் அல்லர். ஆனால் உங்கள் குலமுதல்வர் யார் என்று அவர்களிடம் கேட்டால் கல் ஒரு பதில் சொல்லும், ஏடு வேறொரு பதில் சொல்லும்.

முதலில் கல். கிறித்தவம் அங்கே வேரூன்றிய காலத்தில் அயர்லாந்தில் ஓகம் என்ற எழுத்து வழங்கியது. எழுதுபரப்பு கல்லின் முகம் அன்று, அதன் விளிம்பு. விளிம்புக்கு இடப்புறம், வலப்புறம், குறுக்கே சாய்வாக என்று ஒன்று முதல் ஐந்து கோடுகள் வரை வெட்டினால் மெய்யெழுத்துகள். விளிம்பின் மேலேயே சிறு வெட்டுகள் இட்டால் உயிரெழுத்துகள். கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில், டன்மோர் முனையில் நிற்கும் கல்லை அப்படி வாசித்தால், எர்க் என்பவனின் பெயரும் அவன் தந்தையின் பெயரும் வருகின்றன. அடுத்து, அவன் டொவினியாவின் குடியைச் சேர்ந்தவன் என்று வருகிறது. டிங்கிள் ஊருக்கு அருகே பாலின்டாகர்ட் இடுகாட்டில் உள்ள ஒன்பது ஓகம் கற்களில் ஒன்றிலும் அதே டொவினியா. அது பெண் பெயர் என்றும், அந்தக் குடியின் முதல்தாயாக வணங்கப்பட்ட தெய்வமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி ஏடு. 8ஆம் நூற்றாண்டையொட்டி உருவான ஒரு கதையில் குலமுதல்வன் ஆண், பெயர் கோர்க். கெர்ப்ரே என்ற அரசன் தன் உடன்பிறந்தவளையே கூடுகிறான். அவள் பெயர் துவென். இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. நாட்டில் விளைச்சல் பொய்க்கிறது. பாவத்தின் விளைவு என்று சொல்லி, பிள்ளைகளை எரித்துவிட வேண்டும் என்கிறார்கள் மக்கள். ஒரு துரூயிட் பூசாரி குறுக்கிட்டு, கோர்க்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அதே தென்மேற்குக் கரையிலுள்ள பேரா தீபகற்பத்துக்கு அப்பாலுள்ள தீவுக்குப் போகிறான். அங்கே அவன் மனைவி போயி, காதுகள் மட்டும் சிவந்த ஒரு வெள்ளைப் பசுவின் முதுகில் வைத்துக் குழந்தையைக் காலைதோறும் குளிப்பாட்டுகிறாள். ஓராண்டு முடிந்ததும் பழி குழந்தையைவிட்டுப் பசுவின்மேல் தாவுகிறது. பசு கடலில் பாய்ந்து பாறையாகிறது. கோர்க் தூயவனாக வீடு திரும்புகிறான்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது பசு அல்ல, துவென். டொவினியா என்ற பெயரின் சாயல் அந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது. கற்களில் ஒரு குடிக்கே பெயர் கொடுத்தவள், கதையில் அண்ணனோடு பழிக்கு ஆளான தங்கையாகச் சுருங்கிவிட்டாள் என்றே நான் படிக்கிறேன். ஏடெழுதிய துறவிகளுக்குப் பழந்தெய்வம் ஆகாது. மன்னர்களுக்கும் ஆதாயம் இருந்தது. கெர்ப்ரேயின் தந்தை, அயர்லாந்தின் பேரரசர்களுக்குரிய தாரா அரியணையில் அமர்ந்த கொனைரே என்பது மரபு. கெர்ப்ரேயின் சகோதரன் ஒருவன் வழிவந்தவர்களாகத்தான், வடகிழக்கு அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை பரவிய தால் ரியாட்டா என்ற நாட்டின் அரசர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். கடலோரத்துச் சிறு குடி ஒன்றுக்கு இத்தனை பெரிய உறவு வேறு எப்படிக் கிடைக்கும்? முறைகேடான பிறப்பு என்ற கறையைக்கூட அதற்காகச் சகித்துக்கொண்டார்கள்.

பின்னாளில் அங்கே ஆண்ட ஓஷே, ஓஃபால்வி குடும்பங்களும் இந்த ஏட்டு வழியில்தான் தங்கள் வமிசத்தைச் சொன்னார்கள். ஆனால் டிங்கிள் தீபகற்பத்துக்கு ஐரிஷ் மொழியில் இன்றுள்ள பெயர் பழைய குடிப்பெயரேதான். நன்றி, வணக்கம்.