கடுகளவு துத்தநாகம்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்துக் களைத்திருக்கும் வாசகர் வட்டத் தம்பிகளே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூளையில் துத்தநாகம், அதாவது ஜிங்க், என்ன செய்கிறது, குழந்தைக்கு அதை எப்போது கொடுப்பது என்று இரண்டு செய்திகளோடு வந்தேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். வளர்ந்த ஆளின் உடம்பு முழுக்கத் தேடினாலும் துத்தநாகம் 2, 3 கிராம்தான் தேறும். அதன் காரத்தைக் கேளுங்கள்.

மூளைச் செல்லுக்கு உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே நிற்கிறது. கதவு திறந்தால் திமுதிமுவென்று நுழையும். கொஞ்சம் நுழைந்தால்தான் நினைவு பதியும், அளவு மீறினால் செல்லே செத்துப்போகும். அந்தக் கதவுகளில் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தட்டினால் திறக்கும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், குளூட்டமேட் இருக்கும் அதே நுண்பைகளில் துத்தநாகமும் அடைந்து கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தே கொட்டும். ஒன்று கதவைத் திறக்கும், மற்றது வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு கதவை ஒருக்களித்து வைக்கும். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அதே துத்தநாகம் செல்லுக்குள் அதிகமாகப் புகுந்தாலும் ஆபத்துதான்.

சரி, மூளையிலிருந்து வயிற்றுக்கு வருகிறேன், அதற்காகத்தான் ஊர் ஊராகப் பேசுகிறேன். போன ஆடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு 14 ஜிங்க் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போக்கு நின்றது, மாத்திரையும் நின்றது. “மிச்ச அட்டை எங்கம்மா?” என்றேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்தில், கடுகுக்கு மேலேயே அட்டை, அதில் 11 மாத்திரை! “நின்னதுக்கப்புறம் எதுக்குண்ணா? துப்புறான்” என்றாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அங்கேயே உட்கார்ந்து, ஒரு கரண்டித் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்து நானே ஊட்டினேன். பாதியைத் துப்பினான், பாதியை விழுங்கினான், என் வேட்டியெல்லாம் வெள்ளை!

உலக சுகாதார நிறுவனம் 2004லேயே சொல்லிவிட்டது: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாகம், தினம் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் என்றால் 10. போக்கு நின்ற பிறகும் நிறுத்தக் கூடாது. அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவதையும் அது குறைக்கிறது.

கிராம சுகாதார செவிலியர் அம்மா அதோ தூணருகே நிற்கிறார். வீட்டில் பாதியில் நின்ற அட்டை இருந்தால், கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.