ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு
(கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி முன்னாள் மாணவர் கருத்தரங்கில் பேசியது)

கல்லூரி முதல்வர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் மாநகராட்சி மேயர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, திருச்சியிலிருந்து வந்திருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பேராசிரியப் பெருமக்களே, முன்னாள் மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே (பொருளாளரிடம் அப்புறம் தனியாக வருகிறேன்), எனக்குப் பாடம் நடத்தி, இப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சில் சந்திப்பிழை தேடிக்கொண்டிருக்கும் தமிழ்த்துறை அய்யா அவர்களே, மாணவத் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. ஆனால் வீட்டில் பீரோ நிறைந்துவிட்டது. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கி இந்தக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். நான் இங்கே வந்து தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் வேலைவாய்ப்பு அமர்வு நடந்தது. மதியம் போட்டித்தேர்வு, அதற்குப் பிறகு சொந்தத் தொழில். நல்ல ஏற்பாடு. எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கல்லூரியும் முன்னாள் மாணவரும்’. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, நாம் கொடுப்பது. இரண்டு, நாம் கேட்பது. மூன்று, பழைய ஆசிரியர்களுக்கு நாம் செய்ய வேண்டியது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காவிரிக் கரையிலே படித்த நமக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. நாம் அளக்கிறோமா? வெள்ளிவிழா வந்தால் வளைவு, பொன்விழா வந்தால் கல்வெட்டு. கல்வெட்டில் நன்கொடை ஒரு வரி, கொடுத்தவர் பெயர் எட்டு வரி. வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு போட்டோம், அதில் எத்தனை பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

இந்தக் கல்லூரி 1854இல் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியானது. போர்ட்டர் முதல்வராக இருந்தார். டவுன் ஹாலில் இன்றும் அவர் பெயர்தான். பேராசிரியர் கோபால் ராவ் இருந்தார். தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது 1880இல் அந்த இடத்துக்கு உ.வே.சா. வந்து சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிக்கொள்கிறோம், சரி. அந்த கேம்பிரிட்ஜும் இந்த கேம்பிரிட்ஜும் சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. பசி நேரம், இருந்தாலும் கேளுங்கள்.

வருஷம் 1903. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு பையன். டவுன் ஹைஸ்கூல் மாணவன், வயது பதினைந்து, பதினாறு. நம் கல்லூரி மாணவனே இல்லை. பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் அவனுக்குப் போதவில்லை. அப்போது ஒரு நண்பர் நம் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றை அவன் கையில் கொடுக்கிறார். கார் என்பவர் எழுதியது. மோட்டார் கார் இல்லை, ஆசிரியர் பெயரே கார்! கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ட்யூஷன் வாத்தியார் அவர். இன்றைய பாஷையில் சொன்னால் கைடு. ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் அநேகமாக இருக்காது. வேறு யாராவது என்றால் தலைவலி என்று மூடி வைத்திருப்பார்கள். இந்தப் பையன் என்ன செய்தான்? ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்துவிட்டான். பத்து வருஷம் கழித்து, 1913 ஜனவரியில், அதே கேம்பிரிட்ஜில் ஹார்டி என்ற கணித அறிஞருக்கு ஒரு கடிதம் போகிறது. உள்ளே சூத்திரங்கள், நிரூபணம் இல்லாமல்! 1918இல் அந்தப் பையன் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர். ராமானுஜன் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

அவர் நம் மாணவராகவும் இருந்தார். 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் அதை இழந்தார். அதை நாம் விழாக்களில் மெல்லக் கடந்துபோவோம். நான் பிடித்துக்கொள்வது அதற்கு முந்தின வருஷத்தை. மாணவனாகச் சேர்த்து உதவித்தொகை கொடுத்தும் செய்ய முடியாததை, வெளியே இருந்த பையனுக்குப் போன ஒரே ஒரு புத்தகம் செய்தது. அன்றைக்கு ஒரு கண்டிப்பான அதிகாரி, “உன் பெயரில் எடுத்த புத்தகம் இன்னொருவன் கைக்கு எப்படிப் போனது?” என்று அபராதம் போட்டுப் பிடுங்கியிருந்தால்? சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உ.வே.சா. கதை நேர் எதிர்த்திசை. முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரிக்கு வெளியாள். பழைய காப்பியங்களைப் படித்திருக்கிறீர்களா என்று அவர் கேட்ட ஒரு கேள்வியும், அவர் தேடிக்கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதியும் உள்ளே வந்தன. 1887இல் உ.வே.சா. பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது. இதை நூறு மேடையில் கேட்டிருப்பீர்கள், விடுகிறேன். நம் பெருமைகளில் பெரியவை இரண்டும் மதில் சுவரைத் தாண்டிப் போன புத்தகத்தாலும், தாண்டி வந்த ஏட்டாலும் கிடைத்தவை. அந்த மதிலில் நாம் ஒரு கதவு வைக்கக் கூடாதா?

கல்லூரி நூலகம் என்றால் பெரும்பாலும் கடைசி மணியோடு பூட்டுவதுதான் வழக்கம். நான் கேட்பது இதுதான். மாலை ஐந்து முதல் எட்டு வரை நம் நூலகம் திறந்திருக்க வேண்டும். நம் மாணவருக்கு மட்டுமல்ல, ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும். தலைமையாசிரியர் கடிதம் இருந்தால் போதும், உட்கார்ந்து படிக்கலாம். ‘அரசுக் கல்லூரி, அனுமதி கிடைக்குமா?’ என்று பின்னால் முணுமுணுப்பது கேட்கிறது. முதல்வர் அவர்கள் தலையசைத்ததை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். மேல்மட்ட அனுமதிக்குச் சங்கம் மனு எழுத வேண்டும். கல்லூரி வாசல் வரை மாலையில் தெருவிளக்குப் பிரகாசமாக எரிய மேயர் அவர்கள் மனது வைக்க வேண்டும்.

இப்போது பொருளாளர் அவர்களே, உங்கள் முறை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றேன் அல்லவா? இது அளக்கக்கூடிய செலவு. இரவுக் காவலர் ஒருவருக்குச் சம்பளம், மின்கட்டணம், உடைந்த நாற்காலிக்குப் பழுதுபார்ப்பு. எத்தனை பிள்ளை வந்தது, எந்தப் புத்தகம் கேட்டது என்று ஒரு பேரேடு. ஆண்டு விழாவில் கல்வெட்டுக்குப் பதில் அந்தப் பேரேட்டை வாசியுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு மாலைக்கு இரண்டு பேர் வந்து உட்கார வேண்டும். டிகிரி காபி என் செலவு.

இரண்டாவது, மூன்றாவது விஷயங்களுக்கு நேரமில்லை. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சாப்பாட்டுப் பந்தி வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதில் ஏழு கிழமைக்கும் தனித்தனித் தாள் இருக்கிறது. இலையில் உட்காருவதற்கு முன்னால் உங்களுக்கு வசதியான கிழமையில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.