அந்த நீலம் தண்ணீர் இல்லை

[காட்சி: கல்லடிக் கடற்கரை, இரவு. கமரா கொஞ்சம் ஆடுகிறது. காற்றின் இரைச்சல்.]

வணக்கம். பின்னால் கேட்கிற இரைச்சலுக்கு மைக் காரணம் இல்லை, கச்சான் அடிக்கிறது. வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று வறுத்துக் கொறிக்கிற நிலக்கடலை. மற்றது, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி மட்டக்களப்புக்கு வந்து சேர்வது. இப்போது என் வாய்க்குள் மணலை அள்ளிப் போடுவது இரண்டாவது.

[காட்சி: உள்ளங்கையில் மணல், மிக நெருக்கத்தில்.]

இந்த மணலைப் பாருங்கள். டோர்ச் வெளிச்சத்தில் மினுங்குகிற பொடிகளில் பெரும்பாலானவை சிலிக்கா. உருக்கினால் கண்ணாடி. இதே இனத்துப் பொடி, மண்ணே இல்லாத ஒரு கோளின் வானத்தில் பறக்கிறது. கோளின் பெயர் எச்டி 189733 பி. வாகன இலக்கம் மாதிரித்தான் இருக்கிறது, என்ன செய்ய. அதன் சூரியனுக்கு நட்சத்திரப் பட்டியலில் கிடைத்த இலக்கம் அது. கடைசியில் உள்ள ‘பி’தான் கோள்.

2005இல், பிரான்சிலுள்ள ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். தூரம் ஏறத்தாழ 65 ஒளியாண்டு. வியாழனைவிடச் சற்றுப் பெரிய வாயுக் கோள், கால் வைக்கத் தரை கிடையாது. நமக்கும் சூரியனுக்கும் நடுவே 15 கோடி கிலோமீற்றர். இந்தக் கோளோ தன் சூரியனிலிருந்து வெறும் 46 இலட்சம் கிலோமீற்றரில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 53 மணித்தியாலம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வருசம் பிறந்தால், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே அடுத்த வருசம்.

[காட்சி: இணையத்தில் உலாவும் நீலக் கோளின் படம்.]

இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நம் பூமி மாதிரியே நீலம். இது ஓவியர் வரைந்தது. அந்தக் கோளை இப்படிப் படம் பிடித்தவர் எவரும் இல்லை. ஆனால் நீலம் என்பது கற்பனை இல்லை, அளந்து சொன்னது. பார்க்காத ஒன்றின் நிறத்தை எப்படி அளந்தார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கோயில் திருவிழாவுக்கு 100 பல்ப் கட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். கோள் தன் சூரியனின் முகத்தைக் கடக்கும்போது நமக்கு வரும் ஒளி 100இல் இரண்டரை பங்கு அளவுக்குக் குறைகிறது. இரண்டு மூன்று பல்ப் அணைந்த மாதிரி. இது சுலபம். கடினமானது மற்றப் பக்கம். கோள் சூரியனுக்குப் பின்னால் போய் மறையும்போது, அது தெறித்துக் காட்டிக்கொண்டிருந்த கொஞ்ச வெளிச்சமும் இல்லாமல் போகும். மறைவதற்கு முன் வந்த ஒளியிலிருந்து மறைந்தபின் வந்த ஒளியைக் கழித்தால், மிச்சம் கோளுடையது. ஹபிள் தொலைநோக்கியை வைத்து இதைச் செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. கோள் மறைந்தபோது நீல ஒளி மட்டும் ஒரு துளி குறைந்தது, பச்சையில் மாற்றம் தெரியவில்லை. குறைந்தது எவ்வளவு? 10,000 பல்ப்பில் ஒன்று அணைந்த அளவு! அந்த ஒற்றைப் பல்ப்பை வைத்துத்தான் கோள் நீலம் என்கிறார்கள்.

கணக்குப் பார்த்து நிறம் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நீலம் என்றதும் நம் புத்தி கடலுக்குப் போய்விடுகிறது. அங்கே கடல் இல்லை. வெளிச்சம் படுகிற பக்கத்தில் ஏறத்தாழ 930 பாகை செல்சியஸ், நம் வீட்டு அலுமினியச் சட்டி 660இலேயே உருகிவிடும். மேலே மிதக்கும் சிலிக்கேற்றுத் துகள்கள், அதாவது மணலின் இனத்துப் பொடிகள், நீல ஒளியைச் சிதறடிக்கின்றன, அதனால்தான் அந்த நிறம் என்கிறார்கள்.

[காட்சி: ஒரு பந்து, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்.]

சரி, காற்றுக்கு வருவோம். நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, இந்தக் கோளும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறு பக்கம் விடியாத இரவு. அப்படியென்றால் இருட்டுப் பக்கம் உறைந்து கிடக்க வேண்டுமே? இல்லை. 2007இல் ஸ்பிட்சர் தொலைநோக்கித் தரவை வைத்து வெப்ப வரைபடம் போட்டார்கள். வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றுக்கு அப்படி வரைந்தது அதுதான் முதல் தடவை. இரவுப் பக்கமும் கிட்டத்தட்ட 650 பாகை. அதைவிட விசித்திரம், ஆகச் சூடான இடம் உச்சி வெயில் விழும் இடத்தில் இல்லை, கிழக்கே தள்ளி இருந்தது. வெயில் ஓரிடத்தைச் சுட, காற்று அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

ஓட்டம் என்றால் செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு 20 செக்கன். கொழும்புக்கு இரண்டரை நிமிடம், இரவு பஸ்ஸில் இடுப்பு ஒடியப் போகிறவர்கள் பெருமூச்சு விடலாம். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இதற்குப் பக்கத்தில் அதுவும் மெல்லிய காற்றுத்தான்.

அப்புறம், இந்தக் கோளில் பெய்வதாகச் செய்திகள் சொல்லும் அந்தக் கண்ணாடி மழை. தலைப்புப் போடுகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு தெரியாது. அங்கே மழை பெய்வதை யாரும் பார்க்கவில்லை. சிலிக்கேற்று ஆவி குளிர்ந்து கண்ணாடித் துளியாகலாம், அந்தக் காற்றில் கீழே விழ நேரமில்லாமல் பக்கவாட்டில் பறக்கலாம் என்பது கணிப்பு. நல்ல கணிப்புத்தான். ஆனால் கணிப்பு.

பார்க்காமலே மணத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அது இதைவிட உறுதி. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த வளிமண்டலத்தில் ஐதரசன் சல்பைட்டைக் கண்டது. கோளின் விளிம்பு வழியாக ஊடுருவி வந்த ஒளியில், அந்த வாயு உறிஞ்சிய பகுதி குறைந்திருந்தது. கூமுட்டை மணம். வாவியில் தண்ணீர் வற்றும்போது கண்டல் சேற்றில் கால் புதைத்தவர்களுக்கு இந்த மணம் புதிதில்லை, அங்கே வருவதும் இதே வாயுதான்.

[காட்சி: வானம். மூன்று நட்சத்திரங்களை இணைக்கும் கோடு.]

இடம் காட்டிவிட்டுப் போகிறேன். ஆவணி நடுவில் இரவு பத்து மணி வாக்கில் நேர் உச்சியைப் பாருங்கள். அங்கே பிரகாசமாக நிற்பது திருவோணம். கையை நீட்டி முஷ்டி மடக்கி, திருவோணத்திலிருந்து வடக்கே ஒன்றரை முஷ்டி அளந்தால் அந்தச் சூரியன் இருக்கும் இடம் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் வேண்டும். கோள் அதிலும் தெரியாது. பக்கத்தில் பஞ்சு போல ஒரு மங்கல் திட்டுத் தெரிந்தால் அது டம்பெல் நெபுலா என்ற வாயு மேகம், சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கச்சான் அடிக்கும்போது மட்டும் கடற்கரையில் லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டாம். என்னுடையதைத் திருப்பினால் இப்போதும் உள்ளே மணல் நறநறவென்கிறது.